பழகிடுச்சு சார்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடிகாலையில் போகிறவர்கள் பொதுவாக மூக்கைத்தான் பொத்திக்கொள்வார்கள். பொத்திக்கொள்ள வேண்டியது காதை. ஐஸ் பாரை மெஷினில் போட்டு நொறுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடம் ஏதாவது கேட்டுப் பாருங்கள். சாதாரணக் குரலில் கேட்டால் அவர் ‘இன்னா?’ என்பார். அடுத்த முறை நம் குரல் தானாகவே ஏறிவிடும்.

ஏறியதா? அப்படியானால் நீங்கள் ஓர் அளவெடுப்பை முடித்துவிட்டீர்கள். தொழிற்சாலைச் சத்தம் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிற கைக்கணக்கு இது. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடத்தில் சத்தம் சுமார் 85 டெசிபல், அல்லது அதற்கும் மேல். கருவி வேண்டாம், சர்ட்டிஃபிகேட் வேண்டாம். தொண்டையே கருவி.

இந்தக் கைக்கணக்கை வைத்துக்கொண்டு ராயபுரத்திலிருந்து வடக்கே எண்ணூர் வரை போனால், குரலை இறக்கிப் பேசக்கூடிய இடங்கள் குறைவுதான். 1856-ல் ரயில் வந்து சேர்ந்த ஊர் ராயபுரம். அன்றிலிருந்து இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம் அந்தப் பக்கம் ஓயவில்லை. படகு எஞ்சின், கப்பல் தகட்டில் துரு உதிர்க்கிற சிப்பிங் சுத்தி, கன்டெய்னரை இறக்குகிற கிரேன், எக்ஸ்பிரஸ் ரோடில் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிற டிரெய்லர்கள். திருவொற்றியூர் தாண்டினால் பவர் பிரஸ், கிரைண்டிங், கம்ப்ரஸர், பாய்லரில் இருந்து பீறிடும் நீராவி. மோட்டார் சைக்கிள், டயர், லாரி, உரம், மின்சாரம் என்று நாடு பயன்படுத்துகிற பல சாமான்கள் இந்தச் சத்தத்துக்குள்ளிருந்து வந்தவை.

டெசிபல் கணக்கு கொஞ்சம் குறும்பானது. 80-க்கும் 90-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைப்போம். பத்து இல்லை, பத்து மடங்கு. 3 டெசிபல் கூடினாலே காதுக்குள் போகிற ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். (டெலிபோன் புகழ் கிரஹாம் பெல்லின் நினைவாக வந்த அளவு இது. அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது.)

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு பிரஸ் ஷாப்பில் 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கம்பெனி பெயர் வேண்டாம். “சத்தம் தொந்தரவா இருந்திருக்குமே?” என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

“மொத ரெண்டு மாசம் மண்டைய பொளந்துடுச்சு சார். ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா காதுக்குள்ள வண்டு கத்தும். காலைல சரியா பூடும். அப்பறம் பழகிடுச்சு சார்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “இன்னா பழகிடுச்சு? இவுரு டிவி வெக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க. நா ஒண்ணு கேட்டா இவுரு ஒண்ணு சொல்வாரு” என்றார். பெரியவர் சிரித்தார். “கேக்குது சார். பேச்சுதான் புரிய மாட்டேங்குது” என்றார்.

பலர் இதைச் சால்ஜாப்பு என்று நினைப்பார்கள். மருத்துவப்படி இதைவிடத் துல்லியமாக அந்த நோயைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு காதின் உள்ளேயும் நத்தைக் கூடு மாதிரி ஓர் உறுப்பு. அதில் சுமார் 15,000 நுண்ணிய முடி செல்கள். பேரிரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற கீச்சு ஒலிகளைப் பிடிக்கிற செல்களை. உயிரெழுத்து ஒலிகள் கனமானவை, தாழ்ந்தவை. அவை கேட்டுக்கொண்டே இருக்கும். மெல்லிய மெய்யெழுத்துகள்தான் உதிரும். காசு, காது, காடு. முன்னால் ஒரு ‘கா’ கேட்கிறது, பின்னால் ஒரு ‘உ’ கேட்கிறது. நடுவில் இருக்கிற எழுத்து போய்விட்டது. மனைவி கேட்டது காசா, காதா, காடா? அவர் ஊகித்து ஒன்று சொல்கிறார். வீடே சிரிக்கிறது. நம் சினிமாவில் கண் தெரியாதவர் வந்தால் சோக வயலின், காது கேட்காதவர் வந்தால் காமெடி டிராக். இதில் நமக்குக் கூச்சமே இல்லை.

காது மெஷின் வைத்தால் சரியாகிவிடாதா என்றால், மெஷின் எல்லாவற்றையும் பெரிதாக்கும். செத்துப்போன செல்லை உயிர்ப்பிக்காது. பறவைகளுக்கு அந்த செல்கள் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது.

‘பழகிடுச்சு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் மொழியில் அது நல்ல சொல். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பழகும், மருமகள் வீட்டுக்குப் பழகுவாள், கை வேலைக்குப் பழகும். பழகுவது என்றால் கற்றுக்கொள்வது என்று நம்புகிறோம். காது எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சத்தத்துக்குப் பழகிவிட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது, பெரும்பாலும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பகுதி இனி இல்லை என்றுதான் அர்த்தம். ஆபத்தை உணர வேண்டிய உறுப்பையே ஆபத்து முதலில் தின்றுவிடுகிறது. இது விசித்திரமான காயம். வலிக்காது, ரத்தம் வராது, தேதி கிடையாது.

தேதி கிடையாது என்பதில் ஒரு பழைய தத்துவப் புதிர் ஒளிந்திருக்கிறது. புல்தரை வழியாக ஆட்கள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுகிறது. எந்தக் காலடி பாதையைப் போட்டது? எந்த ஒன்றும் இல்லை. ஒருவர் நடந்த மறுநாள் புல் நிமிர்ந்துகொள்கிறது. ஒருநாள் நிமிராமல் விட்டுவிடுகிறது. கிரேக்கர்கள் இதையே மணல் குவியலை வைத்துக் கேட்டார்கள். ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே வந்தால், எந்த மணியை எடுத்தபோது குவியல் குவியலாக இல்லாமல் போனது? வகுப்பறையில் இது விளையாட்டு. பிரஸ் ஷாப்பில் விளையாட்டு இல்லை. எந்தத் தனி நாளும் அந்தப் பெரியவரின் காதைக் கெடுக்கவில்லை. ஆகவே எந்தத் தனி மேனேஜரும் கெடுக்கவில்லை, எந்த ஒரு மெஷினும் கெடுக்கவில்லை. ஆனால் 34 வருஷத்தின் முடிவில் ஒரு மனுஷனுக்கு அவன் பேத்தி சொல்வது புரியவில்லை. யாரும் அடிக்கவில்லை, அடி மட்டும் விழுந்திருக்கிறது.

அதே பிரஸ்ஸில் விரல் போயிருந்தால் கதை வேறு. தேதி, நேரம், ரத்தம், சாட்சி, விபத்துப் பதிவேடு எல்லாம் இருந்திருக்கும். 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று எழுதியிருந்தது. மற்ற விரல்களை அங்கம் அங்கமாகப் பிரித்து எண் போட்டிருந்தார்கள். முழுச் செவிடு என்றால் 100 சதவீதம். தாராளம்தான். ஆனால் பேக்டரிக் காது முழுச் செவிடாவதில்லையே! அது காசுக்கும் காதுக்கும் நடுவில் தடுமாறுகிற செவிடு. நம் நாட்டுத் தொழில் மருத்துவ இதழ் ஒன்றில் 2008-ல் வந்த கட்டுரை ஒரு தகவலைச் சொல்கிறது. சத்தத்தால் வரும் கேட்புக் குறை இந்தியாவில் 1948 முதல் இழப்பீட்டுக்கு உரிய நோய். முதல் ஆளுக்கு இழப்பீடு கிடைத்தது 1996-ல். நாற்பத்தெட்டு வருஷம் காதே கெடாமல் நம் ஆலைகள் ஓடியிருக்கின்றன என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1700-ல் ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழில் நோய்கள் பற்றிப் புத்தகம் எழுதும்போதே, நாளெல்லாம் செம்பைத் தட்டுகிறவர்கள் செவிடாகிறார்கள் என்று எழுதிவிட்டார். 1886-ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது டாக்டர் பாய்லர் செய்கிற தொழிலாளர்கள் 100 பேரை வரிசையாக நிறுத்தி, கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்கவைத்துச் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்கத் தபால்காரர்கள் 100 பேர். பாய்லர்காரர்களில் ஒருவருக்குக்கூட முழுச் செவித்திறன் இல்லை. நூற்றுக்கு நூறு! அப்போது பெரம்பூரில் மில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆக, தகவல் பற்றாக்குறை இல்லை. பிறகு என்ன பிரச்னை?

சட்டம் ஒரு எண்ணைச் சொல்கிறது. நம் நாட்டில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல். அமெரிக்கச் சட்டமும் 90 என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியாஷ், 85-ஐத் தாண்டாதே என்கிறது. ஐரோப்பிய நாடுகள் 80 வந்ததுமே காதுக் கவசம் தர வேண்டும் என்கின்றன. எண்ணைத் தாண்டினால் நேரத்தை எப்படிக் குறைப்பது என்பதிலும் வித்தியாசம். 100 டெசிபல் இடத்தில் நம் மாதிரி விதிகளின் அட்டவணைப்படி 2 மணி நேரம் நிற்கலாம். நியாஷ் கணக்குப்படி 15 நிமிஷம். காது ஒன்றுதான், கணக்குதான் இரண்டு.

90 என்றால் ஏதோ இயற்கை போட்ட கோடு, அதற்குக் கீழே பத்திரம், மேலே ஆபத்து என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிற மாதிரி. அப்படி ஒரு கோடு கிடையாது. 1998-ல் நியாஷ் வெளியிட்ட மதிப்பீடு இது. 40 வருஷம் தினமும் 85 டெசிபலில் வேலை செய்தால், வயதினால் வருவது போக, 100 பேரில் 8 பேருக்குப் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்குக் காது கெடும். 90 டெசிபலில் 100-க்கு 25 பேர்.

நாலில் ஒருவர். சட்டப்படி எல்லாம் சரியாக நடக்கிற ஃபேக்டரியில், அளவு மீறாத சத்தத்தில், நாலில் ஒருவர்.

அப்படியானால் 90 என்பது அளவு இல்லை, ஓர் ஒப்பந்தம். எத்தனை காதுகள் போகலாம் என்று ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்த ஒப்பந்தம். நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம். மெஷினை மாற்றச் செலவாகும், சின்னப் பட்டறைகள் தாங்காது, எங்காவது ஓரிடத்தில் கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். எல்லாம் சரி. என் கேள்வி ஒன்றுதான். அந்த மேஜையில் உட்கார்ந்தவர்கள் யாராவது அந்த நாலு பேரில் ஒருவரா? நூறு பேர் உயிர் பிழைக்க இருபத்தைந்து பேர் தியாகம் செய்யலாம் என்று வாதிடுகிற தத்துவம் உண்டு. அதில்கூடத் தியாகம் செய்பவனிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

இப்போது காம்பவுண்டு சுவருக்கு வெளியே வாருங்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி தொழிற்பேட்டைப் பகுதியிலேயே பகலில் 75, இரவில் 70 டெசிபல். குடியிருப்பென்றால் 55, 45. ஒலி மாசு வழக்கில் 2005-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொன்னது. பிறருடைய சத்தத்தைக் கேட்டே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அமைதியாக வாழ்வது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று. அருமையான தீர்ப்பு. சுவரைத் தாண்டி உள்ளே போனால் மட்டும் அந்த உரிமை டைம் கார்டோடு சேர்ந்து பஞ்ச் ஆகிவிடுகிறது.

வெளியே அளப்பது எரிச்சலை, உள்ளே அளப்பது காதுச் சேதத்தை, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று நிபுணர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால் சேதத்தையே ஒப்பிடுவோம். ஹெட்போனில் பாட்டுக் கேட்கிறவர்களின் காதைக் காக்க உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வரம்பு சொல்லியிருக்கிறது. நம் தொழிலாளிக்கு 48 மணி நேரம், 90 டெசிபல். ஆற்றல் கணக்கில் பன்னிரண்டு மடங்கு. பாட்டுக் கேட்கிற காதும் பிரஸ் அடிக்கிற காதும் ஒரே தொழிற்சாலையில் செய்தவைதான்.

ஜெனரேட்டர் கதை இன்னும் தெளிவு. தொண்ணூறுகளில் கரன்ட் போனால் தி.நகரில் கடை வாசலுக்கு வாசல் ஜெனரேட்டர் அலறியது ஞாபகம் இருக்கிறதா? 2002-ல் மத்திய அரசு விதி செய்தது. 1000 கேவிஏ வரைக்குமான புது டீசல் ஜெனரேட்டர், ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. செய்கிற கம்பெனியே கூண்டோடு செய்து விற்க வேண்டும். சில வருஷங்களில் எல்லா ஜெனரேட்டரும் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ‘தெருவில் நடப்பவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும்’ என்று அப்போது யாரும் போர்டு வைக்கவில்லை. ஷாப்பிங் போகிறவர் காதென்றால் மெஷினுக்குக் கூண்டு, வேலைக்குப் போகிறவர் காதென்றால் காதுக்கு அடைப்பு. முடியாதது என்று எதுவும் இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல் 1955-ல் முழுக்க வெல்டிங் செய்த ரயில் பெட்டிகள் செய்யத் தொடங்கினார்கள். ஆணி அடித்து இறுக்குகிற ரிவெட் வேலையின் இடி முழக்கம் அந்த அளவுக்குக் குறைந்தது. காதுக்காகச் செய்யவில்லை, லேசான, உறுதியான பெட்டிக்காகச் செய்தார்கள். போகிற போக்கில் காதும் பிழைத்தது.

போர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. எச்சரிக்கையில் இரண்டு ஜாதி உண்டு. வழியில் பாம்பு கிடக்கிறது, பார்த்துப் போங்க என்று ஒருவர் சொன்னால் அது உதவி. பாம்பை அவர் போடவில்லை. வீட்டு வாசலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று போர்டு மாட்டுவது வேறு. நாய் அவருடையது. சரி, வேண்டாதவர்கள் உள்ளே வராமல் இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே வீட்டுக்காரர் உங்களைச் சம்பளத்துக்கு வைத்து, தினமும் காலை எட்டு மணிக்கு அந்த கேட்டைத் திறந்துதான் வர வேண்டும் என்று சொல்லி, நாயையும் கட்டாமல், கடித்த பிறகு போர்டைக் காட்டினால்? ‘இப்பகுதியில் காதுக் கவசம் அணியவும்’ என்ற போர்டு பல இடங்களில் அந்த ஜாதி. அது ஆபத்தைக் குறைப்பதில்லை, பொறுப்பைக் கைமாற்றுகிறது. நேற்றுவரை மெஷினின் குற்றம், இன்று முதல் கவசம் போடாதவன் குற்றம்.

கவசம் போட்டால் என்னவாம் என்பீர்கள். போடத்தான் வேண்டும். ஆனால் சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, எட்டு மணி நேரம் இயர் மஃப் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கிரேன்காரர் மேலேயிருந்து கத்துவது கேட்காவிட்டால் தலை போய்விடும் என்று பயந்து கழற்றுகிறவர்கள் உண்டு. பலர் காதில் சொருகுவது வேஸ்ட் பஞ்சு. அது மனத்திருப்திக்கு ஆகும், சத்தத்துக்கு ஆகாது.

‘செவிடன் காதில் ஊதின சங்கு’ என்று பழமொழி வைத்திருக்கிறோம். குறையைக் கேட்காதவன் தலையில் கட்டிவிட்டோம். சங்கு ஊதி ஊதியே அவனைச் செவிடாக்கியிருந்தால்?

எச்சரிக்கையில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காது கெடுகிறதா என்று அறிய வருஷா வருஷம் ஆடியோமெட்ரி சோதனை வைக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. சோதனையில் ‘கெட்டிருக்கிறது’ என்று வந்தால் என்ன நடக்கும்? பெர்மனென்ட் தொழிலாளியாக இருந்தால் வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவார்கள், இன்சென்டிவ் போகும். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் அடுத்த மாதம் கேட் பாஸ் வராது. வேறு கம்பெனி வாசலில் போய் நின்றால் அங்கே வேலைக்கு எடுக்குமுன் ஒரு காது டெஸ்ட். ஆக, உண்மை தெரிந்தால் பிழைப்பு போகும். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? கேட்காத ஒலிக்கும் கேட்டது என்று விரலைத் தூக்குவான். அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிவு ஒருவனுக்கு நன்மை செய்யும் என்பது பாடப்புத்தகம். அந்த அறிவைக் கொண்டு அவன் ஏதாவது செய்ய முடிகிறபோதுதான் அது உண்மை. இல்லாவிட்டால் அறிவும் ஒரு தண்டனைதான்.

இதற்கு மேல் 12 மணி நேர ஷிப்ட். கான்ட்ராக்ட் வேலையில் அது அபூர்வம் இல்லை. 90 டெசிபல் என்ற எண்ணே 8 மணி நேரத்துக்குப் போட்டது. மிச்ச 16 மணி நேரம் காது அமைதியில் இளைப்பாறும் என்று கணக்குப் போட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரத்தில் குடியிருந்ததில்லை.

அந்தக் காலத்துத் தொழிற்சங்கங்கள் டெசிபல் மீட்டர் கண்டதில்லை. 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, பி அண்ட் சி மில் தொழிலாளிகளின் குறைகளில் ஒன்று சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. 1922 சட்டத்தில் வாரத்துக்கு 60 மணி நேரமாக இருந்த வேலை, 1946-ல் 48 ஆனது. நேரத்தைக் குறைத்தவர்கள் தங்களுக்குத் தெரியாமலே காதுக்கும் 12 மணி நேரம் வாங்கிக்கொடுத்தார்கள். இன்றைக்கு ஷிப்ட்டை 12 மணி ஆக்கலாமா என்று பேசுகிறவர்களும் தங்களுக்குத் தெரியாமலே காதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு, எதிர்க்கட்சியின் பலமான வாதத்தைச் சொல்லாமல் விட்டால் யோக்கியம் இல்லை. அந்த வாதத்தைச் சொன்னவர் முதலாளி இல்லை, அதே தேரடிப் பெரியவர்தான். “சத்தம் இருந்தாதான் சார் சோறு. பி அண்ட் சி சத்தம் நின்னப்ப ஓட்டேரி, புளியந்தோப்பு வூடுங்கள்ல இன்னா நடந்துச்சுன்னு போய்க் கேளுங்க.” நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய அந்த மில் 1996-ல் நின்றது. தறிச் சத்தத்தில் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகியவர்கள் திடீரென்று அமைதியான தெருவில் வந்து நின்றார்கள். வட சென்னைக்காரனுக்கு மெஷின் ஓசையைவிடப் பயங்கரமானது மெஷின் நிற்கிற ஓசை. காதை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதா, காதைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் படிக்க வைப்பதா என்று கேட்டால் எந்த அப்பாவும் இரண்டாவதைத்தான் சொல்வார். பெரியவரும் சொன்னார். பெண்ணை நர்ஸ் ஆக்கினார்.

அவர் தேர்ந்தெடுத்தார், கட்டாயம் ஏதும் இல்லையே, பிறகு உமக்கென்ன என்று கேட்கலாம். தேர்வு என்றால் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தவரிடம், ‘இங்கே முழு சர்வீஸ் போட்டால் நாலில் ஒருவருக்குப் பேத்தி பேசுவது புரியாது, கூண்டு போட்டால் இதைத் தவிர்க்கலாம், கூண்டுக்கு இவ்வளவு செலவு, அந்தச் செலவு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம், சம்மதமா?’ என்று யாராவது கேட்டிருந்தால் அதற்குப் பெயர் எச்சரிக்கை. அவர் அதற்கும் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவரால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிந்திருக்காது. அதனால்தான் போர்டு. போர்டுக்கு முகம் கிடையாது. தவிர, காதா சோறா என்ற கேள்வியே பொய்க் கேள்வி. இதே ஊரில் ஜெனரேட்டர் கம்பெனிகள் கூண்டு போட்டுவிட்டு மூடிவிடவில்லை.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தோன்றாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். சத்தத்தால் காது கெடுவது, கண்டால் டாக்டர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் ஏறியது. இன்னொரு பிரிவு, உடனடி ஆபத்து பற்றி நிர்வாகத்தை எச்சரிக்கிற உரிமையைத் தொழிலாளிக்கே கொடுத்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. பட்டியலும் அந்த உரிமையும் அதிலும் இருக்கின்றன. எச்சரிப்பது கீழேயிருந்து மேலே போகலாம் என்று ஒரு சட்டம் நினைத்ததே பெரிய விஷயம். ஆனால் ‘உடனடி’ என்ற சொல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வாயு கசிந்தால் உடனடி. பாய்லர் வெடித்தால் உடனடி. காது எந்த நாளும் உடனடி ஆகாது. மறுபடியும் அதே புல்தரைப் பாதை.

பெரியவரின் பேரனுக்கு 24 வயது. எண்ணூர் பக்கம் ஒரு இடத்தில் கான்ட்ராக்டில் இருக்கிறான். செல்போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறான். போன் அளப்பது அவ்வளவு துல்லியம் இல்லை, நாலைந்து டெசிபல் முன்னே பின்னே இருக்கும் என்று சொன்னேன். “தெரியும் சார். ஆனா தொண்டையவிட கரெக்டா இருக்கும்ல?” என்றான். ஷாப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் சாப்பாட்டு நேரத்தில் ரோலிங் ஷட்டருக்கு வெளியே நின்று அளக்கிறான். அங்கேயே 91, 92 காட்டுகிறது. தினமும் தேதி போட்டு, எண்ணை எழுதி, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறான். எதற்கு என்று தாத்தா கேட்டார். அவன் பக்கத்தில் போய், வாய் அசைவு தெரிகிற மாதிரி நின்றுகொண்டு சொன்னான். “எந்த நாள்னு யாராவது கேப்பாங்க தாத்தா. அப்ப காட்டலாம்.”